கயிறு நேராக இருக்கிறது

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். என் தோள்பட்டை வலி குறைந்திருக்கிறது, உன் மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? துறைமுகத்தில் கிரேனில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மாட்டுகிறாயா? "மாட்டுறேன்க்கா" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. சின்ன வயதில் பல் விளக்காமலே விளக்கிவிட்டேன் என்பாயே, அதே குரலில்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். முகாமில் சிக்னல் கிடையாது. லாரியில் ஏறிக் கீழே கடைத்தெருவுக்குப் போனால் கிடைக்கும், ஆனால் அங்கே டிரைவர் ஒரு காதும் டீக்கடைக்காரர் ஒரு காதுமாக நிற்பார்கள். நான் சொல்லப் போவது அவர்கள் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, நீ குறுக்கே பேச முடியாது.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். ஹாஸ்டல் வார்டன் அம்மாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறாள், நான் வந்தால் காட்டுவதற்கு. அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்று சொல்லிவிட்டேன். உன் மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், இதுதான் எங்களுக்குக் கடைசிப் பள்ளத்தாக்கு. மழைக்கு முன்னால் இந்தச் சரிவில் வெட்டிப் போட்ட மரம் முழுவதையும் மேலே ஏற்றிவிட்டால் கான்ட்ராக்டர் எங்களை விட்டுவிடுவார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, அவருக்கு அறுவை மில்லில் வேலை. மழை முந்திக்கொண்டால் பாதை மூடிவிடும், இன்னொரு வருடம் காடுதான். அதனால் நான் அவரைத் தினமும் அரித்துக்கொண்டிருந்தேன், சீக்கிரம், சீக்கிரம் என்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

இந்த இடத்தை நீ பார்த்ததில்லை. டிராக்டர் இறங்க முடியாத சரிவு, ஆடு கூட யோசித்துத்தான் கால் வைக்கும். மேலே பாதையோரத்தில் இரும்புக் கோபுரமும், வடத்தைச் சுற்றி இழுக்கிற விஞ்சு இயந்திரமும், விஞ்சின் இருக்கையில் நான். அங்கிருந்து இரும்பு மேல்வடம் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவுக்குப் போகிறது. அங்கே வெட்டிய மரம் ஒன்றின் அடிக்கட்டையில் அதைக் கட்டியிருக்கிறோம். பள்ளத்துக்குள் உன் மாமாவும் ஆட்களும் மரத்துக்குச் சுருக்குப் போட்டு, வடத்தில் ஓடுகிற ட்ராலியில் மாட்டுகிறார்கள், நான் இழுக்கிறேன். என் இடத்திலிருந்து பார்த்தால் மர உச்சியும் மூடுபனியும்தான் தெரியும், ஒரு ஆள் தெரியாது. எல்லாம் ஹாரன்தான், வாக்கி டாக்கி அவசரத்துக்கு மட்டும். இரண்டு குட்டை என்றால் இழு, ஒரு நீளம் என்றால் நிறுத்து. கீழே இருப்பவர் ஊதுவார், மேலே இருப்பவர் செய்வார், எதிர்க்கேள்வி கிடையாது. எதிர்க்கேள்வி கேட்ட பழைய விஞ்ச்காரரை உன் மாமா அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னதும், அந்த இருக்கை எனக்கு வந்ததும் உனக்குத் தெரிந்த கதை.

விஷயம் அந்த அடிக்கட்டைதான். எதிர்ச்சரிவில் இரண்டு கட்டைகள் இருந்தன. உயரத்தில், பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும் பெரியது ஒன்று. அதற்குக் கீழே, ஈர மண்ணில், சுமாரானது ஒன்று. பெரியதில் கட்ட வேண்டுமானால் வடத்தையும் கப்பியையும் தோளில் சுமந்து இன்னும் மேலே ஏற வேண்டும், பல நாள் வேலை அதிலேயே போய்விடும். உன் மாமா சுமாரானதைத் தேர்ந்தெடுத்தார். நீ இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் பெரியதுக்கு ஏறிப் போயிருப்பாய், அவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்திருப்பார். இந்த வீட்டில் பெண்டாட்டி சொன்னால் அது பேச்சு, மச்சினன் சொன்னால் அது சட்டம்.

இரவில் தளர்த்திவிட்ட மேல்வடத்தைத் தினமும் காலையில் நிமிர்த்தும்போது, முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக விஞ்சின் டிரம்மில் சுற்ற வேண்டியிருக்கிறது. குட்டிக்கு வாங்கிய நகப்பூச்சை எடுத்து டிரம்மின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு தள்ளிக்கொண்டே போகிறது. புது வடம் முதலில் நீளும், அது எனக்கும் தெரியும். ஆனால் நீளுகிற வடம் போகப் போக அடங்க வேண்டும் இல்லையா? இது அடங்கவில்லை. ஒன்று, வடம் இன்னும் நீளுகிறது. இல்லாவிட்டால் கட்டை என்னைப் பார்த்து நகர்ந்து வருகிறது. கட்டை பிடுங்கிக்கொண்டால் முதலில் அடி வாங்குவது அதற்கு நேர் கீழே சுருக்குப் போட நிற்கிற ஆள். அந்த ஆள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீ நேரத்தில் இதைச் சொன்னேன். "கட்டைக்குக் கயிறு கட்டியிருக்கு. கயிறு நேரா இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?" என்றார். நீ சொல்லிக் கொடுத்த ஏற்பாடுதான் அது. கட்டையில் ஓர் ஆணி, அதற்கு முன்னால் நாலடி தள்ளிக் கெட்டி மண்ணில் ஒரு முளை, இரண்டுக்கும் நடுவே நூல்கயிறு. கட்டை ஒரு விரல் அளவு முன்னால் வந்தாலும் கயிறு தொய்ந்து காட்டிக் கொடுத்துவிடும். தினமும் காலையில் கப்பிக்கு கிரீஸ் போடப் போகிற வார்டு அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார், நேராக இருக்கிறது என்று.

வார்டு யாரென்று சொல்லவில்லையே. ஆஸ்பத்திரி வார்டில் பல வருடம் படுக்கை விரித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், நாற்பதைத் தாண்டியிருக்கும். அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர், அவர் வந்த பிறகு முகாமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பூட்ஸெல்லாம் அளவு வாரியாக வரிசையில் நிற்கிறது. சமையல்காரர் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தால் இவருக்குச் சோறு இறங்காது. என் கொடிக்கயிறு தொய்ந்திருந்தால் துணியோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்.

அன்றைக்கு நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மேல்கட்டை கண்ணுக்குத் தெரியலையா, இல்ல ஏறுறதுக்கு முட்டி விடலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் டீயைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. அறையில் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறார். "தண்ணி கொதிச்சிடுச்சு போல" என்று அடுப்பிடம் சொல்வார், நான் போய் இறக்க வேண்டும். பகல் முழுவதும் ஹாரனில் குடும்பம் நடக்கிறது.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. மேல்கட்டைக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுது. நான் சொன்னதாக எழுதாதே, உனக்கே தோன்றியதுபோல் எழுது. தாமதிக்காதே.

உன் நலத்தையே நினைக்கும்
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே லாரியில் வந்து சேர்ந்தன. அவருக்கு வந்ததை வாசற்படியில் உட்கார்ந்து படித்தார். பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை விவரமான ஆளு" என்று அடுப்பிடம் சொன்னார். என் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

கயிறு நேராக இருந்தால் கட்டை அசையவில்லை என்றுதான் அர்த்தம், புது வடம் சில சமயம் அதிக நாள் நீளும், மாமா சொல்வது சரி, வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறாய். நான் வக்கீல் வைத்தால், வக்கீல் எதிராளி வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறான். போகட்டும். ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், உன் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். இந்தத் தொழிலில் நான் நம்புகிறவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒன்றையே சொல்லும்போது நகப்பூச்சுக் கோட்டை எத்தனை நாள் பிடித்துக்கொண்டு தொங்குவது?

சாயங்காலத்தில் மழை வர ஆரம்பித்துவிட்டது. பெரிய மழை இல்லை, அது எங்கேயோ பக்கத்தில் நிற்கிறது. கான்ட்ராக்டர் ஜீப்பில் வந்து, குடையை மடக்காமலே பேசிவிட்டுப் போனார். பாதை இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்றார். முடிச்சிடுவோம் என்று உன் மாமா சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பேசாத மனிதர் பார்த்த அந்தப் பார்வையில் குட்டி இருந்தாள், வீடு இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போனது. அன்றைக்கே நானாகப் பேசியிருக்க வேண்டும்.

இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டுப் பதறாதே, எல்லோரும் முழுசாக இருக்கிறோம்.

முந்தாநாள் மூடுபனி ரொம்ப அடர்த்தி. இரண்டு குட்டை ஹாரன் வந்தது. பெரிய மரம் இரண்டு ஒரே சுமையாக. இழுத்தேன். ட்ராலி பாதி தூரம் வந்திருக்கும், திடீரென்று கோபுரம் ஒரு குலுக்குக் குலுக்கியது, மேல்வடம் சட்டென்று கீழே இறங்கியது. நீள ஹாரன் வந்தது. பிரேக்கை அழுத்தினேன். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

இழு என்பதற்கு ஹாரன் இருக்கிறது, நிறுத்து என்பதற்கு இருக்கிறது, இறக்கு என்பதற்கு இருக்கிறது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு ஹாரன் கிடையாது தம்பி. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாக்கி டாக்கியை எடுத்து, யாராவது பேசுங்க, யாராவது பேசுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் குரல் வந்தது. "மேல இருக்கறவங்க பிரேக்கை நிதானமாப் பிடிச்சா கீழ இருக்கறவங்களுக்கு நல்லது" என்றது.

அவ்வளவுதான். என் கை தப்பு செய்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. மரம் ஆடியபோது அவர் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் மேலே போனதாம், அதை அவர் சொல்லவில்லை, வார்டு சொன்னார். அந்த வார்டைத்தான் உடனே எதிர்ச்சரிவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வார்டு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாராம், கயிறு நேராக இருக்கிறது என்று. பனி விலகியபோது கீழே இருந்து பார்த்தாலும் கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி அசையாமல் நின்றதாம். சாயங்காலம் என்னிடம் வந்து, "கம்பி மாதிரி இருந்துச்சுக்கா, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

எனக்கு இப்போது என் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாளைக்கு ஓய்வு நாள். ஆட்களெல்லாம் லாரியில் கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் எதிர்ச்சரிவுக்குப் போய் அந்தக் கயிற்றை என் கண்ணால் பார்க்கப் போகிறேன். அது நேராக இருந்தால் தப்பு என் கையில்தான். அப்படியானால் விஞ்சை விட்டு இறங்கிவிடுவேன். என் கையால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் எனக்குக் கை எதற்கு?

குட்டிக்குக் கப்பல் படம் ஒன்று அனுப்பு. புகைபோக்கி இருக்கிற கப்பலாக வேண்டுமாம். டிரைவர் அவசரப்படுத்துகிறார்.

அக்கா

*

தம்பி,

நீ எழுதியது சரிதான். கயிறு நேராகத்தான் இருந்தது.

உன்னைக் குத்திக் காட்டுவதற்காக இப்படி ஆரம்பிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

எதிர்ச்சரிவில் நான்கு காலில்தான் ஏறினேன். பாசியில் வழுக்கி ஒரு தடவை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கட்டையிடம் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. கயிறு ஆணிக்கும் முளைக்கும் நடுவே விறைப்பாக நின்றது. விரலால் சுண்டினால் ரீங்காரம் போட்டது. கட்டையைச் சுற்றி ஒரு சருகு இல்லை, கூட்டி வைத்த வீடு மாதிரி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சரி, கைதான், இறங்கிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் முளையைப் பார்த்தேன். முடிச்சுப் போட்ட பிறகு ஒரு விரல் நீளம் விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துவிடுவாய் நீ. நாங்களும் அப்படித்தான் கட்டினோம், நான் பக்கத்திலேயே நின்றேன். இங்கே முளையின் தலையில் மிச்சக் கயிறு கட்டுப்போட்டது போல அழகாகச் சுற்றி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. பிரித்தேன். என் விரல் நுனியில் வைத்தால் முழங்கையைத் தாண்டிப் போனது. அதில் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு மடங்கல்கள் இருந்தன. ஒவ்வொரு மடங்கலும் ஒரு பழைய முடிச்சு இருந்த இடம். கயிறு தொய்ந்த ஒவ்வொரு தடவையும் யாரோ இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டைக்குப் பின்னால் தரை சமமாகத்தான் தெரிந்தது. ஒரு குச்சியால் குத்தினேன். குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெடித்த மண்ணில் புது மண்ணைப் போட்டு மிதித்திருந்தார்கள்.

என் மனதில் முதலில் வந்தது யாரென்று உனக்குத் தெரியும். அவர் எனக்கு வாக்குக் கொடுத்தவர். மழை வந்துகொண்டிருக்கிறது. நான் தினமும் அரித்தவள். ஆட்கள் பயப்படாமல் இருக்க அவரே கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, தெரிந்தே அதற்குக் கீழே போய் நிற்கிறார் என்று நினைத்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியாத ஒரு மனிதரோடு இத்தனை வருடம் இருந்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே சரிவில் இறங்கினேன்.

நான் திரும்பியபோது அவர் மழைக்கோட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். டீ கிடைக்குமா என்று அடுப்பிடம் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கேட்க வாய் வரவில்லை. ஆமாம் என்று சொன்னால் அந்த ஆமாமை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். இன்னொன்றும் இருந்தது. அறையில் வைத்துப் பேசினால், கயிறு நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விஞ்சில் லாரி டிரைவரை உட்கார வைத்துவிடுவார். டிரைவருக்கு ஓரளவு இழுக்கத் தெரியும். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தால்தான் எதையும் நிறுத்த முடியும்.

மறுநாள் வழக்கம்போல எல்லோரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். ஓய்வு நாளுக்காகத் தளர்த்திவிட்ட மேல்வடத்தை நிமிர்த்தவே இல்லை. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். இரண்டு குட்டை ஹாரன் வந்தது. லீவரைத் தொடவில்லை. மறுபடி வந்தது. மறுபடியும். வாக்கி டாக்கியில் அவர், "விஞ்சு ரிப்பேரா?" என்று பொதுவாகக் கேட்டார். விஞ்சு நன்றாக இருக்கிறது, நான்தான் இழுக்கமாட்டேன் என்று சொன்னேன்.

பிறகு கீழே கல் உருளுகிற சத்தம் கேட்டது. ஏறி வருகிறார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள், அவர்தான் முதலில். அந்த முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. பழைய விஞ்ச்காரர் பார்த்திருப்பார். விஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "இறங்கு" என்றார்.

இறங்கினேன். எல்லோர் முன்னாலும், அவர் ஒருவரையே பார்த்துக் கேட்டேன், "கட்டைக் கயித்தை யாரு தினமும் இழுத்து இழுத்துக் கட்டுறது?"

"எந்தக் கயிறு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லும்போது அவருக்கு இடது புருவம் ஏறும். ஏறவில்லை. ஒன்றுமே புரியாமல் நின்றார். நிம்மதியா வெட்கமா என்று எனக்கு விளங்குவதற்குள் பின்னாலிருந்து வார்டு கையைத் தூக்கினார்.

சிரித்த முகமாகத்தான் சொன்னார். "நான்தான்க்கா. போய்ப் பார்த்தா தினமும் தொங்கிட்டுக் கிடக்கும். நேரா இருக்கான்னு வந்து சொல்லணும்னு அண்ணன் சொல்லியிருக்காரே, இழுத்துக் கட்டிட்டு வந்து நேரா இருக்குன்னு சொல்வேன். பின்னாடி மண்ணு வேற வெடிச்சு அசிங்கமா இருந்துச்சு, அதையும் மிதிச்சு விட்டேன்" என்றார். அன்றைக்கு மரம் ஆடியபோதும் அப்படித்தானா என்று யாரோ கேட்டார்கள். "அன்னைக்கு ரொம்பத் தொங்கியிருந்துச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கயிறு எதற்கு என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை தம்பி. நானும் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் அவருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம். ஒரு ஆள் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தபோது உன் மாமா கையைக் காட்டி அடக்கினார். பிறகு பக்கத்தில் கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்த் தோண்டிப் பார்த்தார்கள். பின்பக்க வேர் ஒன்றுகூடப் பாக்கி இல்லை, எல்லாம் அறுந்திருந்தது. பக்கவாட்டில் இரண்டு வேர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்று என் மணிக்கட்டு அளவு. வார்டுக்கு அதைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை, பூட்ஸெல்லாம் கலைந்து கிடந்தும் தொடவில்லை. மேல்கட்டைக்கு வடத்தை மாற்றியபோது உன் மாமா அவரையே கூட்டிக்கொண்டு ஏறினார். புதுக் கயிற்றை அவர் கையாலேயே கட்டச் சொல்லி, எதற்கு என்று விளக்கி, "தொங்குனா தொடாதீங்க. எங்களைப் பார்த்து ஓடி வாங்க" என்று சொன்னாராம். வார்டு சொல்லிச் சொல்லி அழுகிறார்.

மாற்றி முடித்து வேலை மறுபடி சூடு பிடிப்பதற்குள் பெரிய மழை வந்துவிட்டது. சரிவில் பாதி மரம் அப்படியே கிடக்கிறது. பாதை ஓரிடத்தில் சரிந்துவிட்டது, ஊருக்கு நடந்தே போகிற சமையல்காரரிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். அடுத்த வருடம் வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்த்து வைத்த வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். பாதை சரிவதற்கு முன்பு லாரியில் கடைசியாகப் போய்க் குட்டியிடம் போனில் நானே சொன்னேன். டீக்கடைக்காரர் கேட்டால் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்க்கிறது என்றாள்.

இனி எழுதுவதுதான் இந்தக் கடிதத்தை எழுதவே காரணம்.

கட்டையைத் தோண்டிய அன்று சாயங்காலம் அவர் அடுப்பிடம் பேசவில்லை. என்னிடம் கேட்டார், "நான்தான் கட்டினேன்னு நினைச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. ஆமாம் என்றேன்.

"தெரிஞ்சே அதுக்குக் கீழ போய் நிப்பேன்னு நினைச்சியா?" என்றார். குட்டிக்காகவும் எனக்காகவும் நின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அன்றிலிருந்து என்னோடு நன்றாகப் பேசுகிறார். டீ வேண்டுமா, போர்வை வேண்டுமா, தோள் வலி தேவலையா என்று வந்த விருந்தாளியிடம் கேட்பது போல் கேட்கிறார். அடுப்பிடம் பேசியபோது அது என்னோடு போட்ட சண்டை. அதுவே தேவலை என்று இருக்கிறது. இத்தனை வருடம் கூடவே இருந்தவள் தன்னை இப்படி நினைத்துவிட்டாளே என்பது அவருக்குள் எங்கேயோ முள்ளாக நிற்கிறது. அந்த முள்ளை எடுக்க என் கைக்கு உரிமை போய்விட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் நடந்தது. மேல்கட்டைக்கு மாறிய பிறகு, பாதை மூடுகிற வரைக்கும் கொஞ்ச நாள் மரம் இழுத்தோம். அப்போது ஒவ்வொரு சுமைக்கும், இரண்டு குட்டைக்கு முன்னால், ஒரே ஒரு சின்ன ஹாரன் வந்தது. எங்கள் கணக்கில் அப்படி ஒரு ஹாரன் இல்லை. இது என்ன என்று வாக்கி டாக்கியில் கேட்டேன். வார்டுதான் பிறகு சொன்னார். சுருக்குப் போட்டு முடித்ததும் அவர் வடத்துக்கு அடியிலிருந்து தள்ளிப் போய் நின்றுவிட்டு அதை ஊதுகிறாராம். நானும் மேலிருந்து ஒன்று ஊதினேன். மறுநாளும் ஊதினேன். இப்போது விஞ்சைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம், அதற்குக் காவலாக நாங்கள் தங்கிவிட்டோம். மழைக்காலம் முழுவதும் தகரக் கூரையில் மழை கொட்டுகிற இந்த ஒரே அறையில் இரண்டு பேரும், மரியாதையாக.

நீ கயிற்றை நம்பச் சொன்னாயே என்று எனக்கு உன்மேல் கோபம் இல்லை, நானும்தான் நம்பினேன். உன் துறைமுகத்தில் எந்தக் கயிறாவது எப்போதும் நேராகவே இருந்தால் அதை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடு. இடுப்புப் பட்டையை நிஜமாகவே மாட்டு. உன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நீ ஊர் வந்து சேர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் நினைத்தது சரியா தப்பா என்றெல்லாம் அதில் எழுதாதே. இன்னொரு வருடம் காட்டில் இருக்க வேண்டியிருப்பதில் அக்காவுக்குத் துளியும் வருத்தமில்லை, குட்டி இல்லாமலும் இருந்துகொள்வாள், நீங்கள் இல்லாமல் அவளால் முடியாது என்று எழுது. நான் சொன்னால் இப்போது நம்பமாட்டார். நீ சொன்னால் சட்டம். பாதை திறந்ததும் வருகிற முதல் லாரியில் அது இருக்க வேண்டும் தம்பி.

அக்கா